துணிக்கு அந்தப் பக்கம்

இட்டுக்கட்டிய கதை இல்லை இது. இலங்கையில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அறுபத்தோராம் வருஷம் பூரணிக்கு நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

புருஷன் செத்து நாலு மாதம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினால் ‘வந்துட்டியா’ என்று கேட்க ஆளில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் பேய்ப் படம் போட்டார்கள்.

“துக்கக்காரி கூட்டத்துல ஒக்காந்தா கண்டபடி பேசுவாங்கக்கா,” என்றாள் ஒரே சுவருக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் வீரம்மா. “துணிக்குப் பின்னால போயிருங்க. அங்கிட்டும் தெரியும். எழுத்துதான் திரும்பித் தெரியும். நீங்க எழுத்தா படிக்கப் போறீங்க?”

ஈரப் புல். பனி. பின்பக்கம் பூரணி ஒருத்திதான்.

படத்தில் ஒரு பாழ் வீடு. ஜன்னலோரம் ஒரு பெண். பூரணியைப் பார்த்தபடி நின்றாள்.

முன்பக்கம் சனம் கத்தியது. “திரும்புடி! மூஞ்சியக் காட்டுடி!”

பூரணிக்குப் புரியவில்லை. காட்டிக்கொண்டுதானே நிற்கிறாள்... மெலிந்த முகம். அழுது காய்ந்த கண்கள். இந்த நாலு மாதத்தில் பூரணியை இப்படி நேராகப் பார்த்தவர்கள் யாருமில்லை.

காட்சி மாறியது. மறுபடி வந்தாள். இன்னும் கிட்டத்தில்.

உதடு அசைந்தது. சத்தமில்லை.

‘வரட்டுமா...?’

பூரணி ‘வா’ என்று தலையை ஆட்டினாள்.

படம் முடிந்ததும் வீரம்மா திட்டிக்கொண்டே வந்தாள். “இப்பத் திரும்புவா, இப்பத் திரும்புவான்னு உசிரப் புடிச்சிக்கிட்டு இருந்தா, கடைசி வரைக்கும் முதுகையே காட்டி ஏமாத்திட்டானுங்க!”

“எனக்கு மொகம் தெரிஞ்சிச்சே.”

“ஆமா, ஒங்களுக்குன்னு தனியா எடுத்திருக்கான்!”

துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த படம் ஓட்டும் மெஷின்காரர் சிரித்தார். “அது மனுசியே இல்லம்மா. மூங்கில்ல சீலையச் சுத்தின பொம்மை. மொகமே வைக்கல. அப்புறம் எங்க திருப்புறது?”

வீரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூரணி வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். நாதாங்கியில் கை வைத்தாள்.

வெளியே பனி மட்டும்.

உள்ளே... ஒற்றைப் பாய்.

நாதாங்கியைப் போடாமல் படுத்தாள்.

காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வீரம்மா குடத்தோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“ராத்திரி யாருக்கா வந்தது? விடிய விடியப் பேச்சு.”

“யாரும் வரலியே.”

“சொவத்துல காத வச்சுக் கேட்டேன். ரெண்டு பேரு பேசுனாங்க. ரெண்டும்... ஒங்க கொரலுதான்.”

பூரணி குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தாள்.

அவள் படுத்ததும் தூங்கிப்போயிருந்தாள். புருஷன் போன பிறகு முதல் தடவையாக, விடியும்வரை.