ரிக்சியாவோடு பெண் பார்க்கப் போனேன்

எழுபதுகளின் கடைசியில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ரிக்சியா என்ற செடியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மழை பெய்தால் கண்மாய்க்கரை ஈரமண்ணில் நாலணா அகலத்துக்குப் பச்சையாக ஒட்டிக் கிடக்கும். மிதித்துக்கொண்டு போகிறவர்கள் பாசி என்பார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

முப்பது வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. மூன்று இடம் தட்டிப்போய், நான்காவதாகத் தாய்மாமன் என்னை அவனியாபுரத்துக்கு அழைத்துப் போனார். விவசாயக் குடும்பம். இதாவது அமைய வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

பெண் காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் அப்பா, "தம்பி என்ன ஆராய்ச்சி பண்றீக?" என்று கேட்டதுதான் தாமதம், எனக்குச் சாமி வந்துவிட்டது. வாசலில் நின்ற பூவரசைக் காட்டினேன்.

"அந்தப் பூவரசுக்கு வேர் இருக்கு, பூ, காய், விதை எல்லாம் இருக்கு. நம்ம செடிக்கு அதுல ஒண்ணுமே கிடையாது. பூக்காது, காய்க்காது. நான் ஆராய்ச்சி பண்ற வகைச் செடியில ஆணும் பெண்ணும் ஒரே உடம்புலதான். ஒரு சொட்டுத் தண்ணி போதும், கல்யாணமே வேண்டாம்!"

பெண் பார்க்கப் போன வீட்டில் பூக்காது, காய்க்காது என்று பெருமையடித்த மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாமா தொடையைக் கிள்ளினார். நகர்ந்து உட்கார்ந்துகொண்டு தொடர்ந்தேன்.

"மழ இல்லாட்டி அது என்ன ஆகும்?" என்று பெண் கேட்டாள்.

என் துறையில்கூட யாரும் அதை அப்படி அக்கறையாகக் கேட்டதில்லை. அந்த நிமிடமே அவளைப் பிடித்துப்போயிற்று. சுருண்டு காய்ந்து கிடக்கும், அடுத்த மழைக்குத் திரும்பப் பச்சை பிடிக்கும் என்று கால் மணி நேரம் விளக்கினேன், அவள் அப்பாவிடம்.

ஒத்துவராது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் அந்த மனுஷரைத் திட்டித் தீர்த்தேன். ஒரு செடி பூக்காததற்கெல்லாம் சகுனம் பார்த்தால் இந்த ஊர் எப்போது உருப்படும் என்று, பார்க்க வந்த மாமாவிடமும் ஆரம்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவுக அப்பாவுக்குச் சம்மதந்தான் மாப்ள. அந்தப் புள்ளதான் வேணாம்னுருச்சாம். 'நான் கேட்டதுக்குக்கூட அவர் என் பக்கம் திரும்பல'ன்னுச்சாம்."

அதெல்லாம் இல்லை, பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.