கூட்டிப் பெருக்கிய செம்மண்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பால்மரங்களைச் சாய்த்த அந்த நிலத்திலேயே, ஈப்போவுக்கு வெளியே கோப்பெங் போகும் சாலையோரமாக எங்களுக்கு ஒரு பலகை வீடு அமைந்தது. அதுவரை பால் வெட்டிக்கொண்டிருந்த என் கணவருக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கும் குவாரியில் வேலை கிடைத்தது. சாயங்காலம் வீடு வரும்போது தலைமுடியிலிருந்து கால்விரல் வரை வெள்ளையாக வருவார். வயதானால் இந்த மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது. நன்றாகத்தான் இருந்தார்.

அதற்கு முந்தின வருஷம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து, மூன்றாம் நாள் போய்விட்டான். முதலில் கையில் வாங்கியவர் அவர். கடைசியில் போனதும் அவர் கையில்தான். கைராசி இல்லாதவன் வாங்கியிருக்கக் கூடாது என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காதவள், அவர் காதுபடச் சொல்லிவிட்டாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் காதில் போட்டுக்கொள்ளாத பேச்சை அவர் நெஞ்சில் வாங்கி வைத்துக்கொண்டார்.

புது வீட்டில் நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். அவர் கத்தரி, மிளகாய், வெண்டை என்று விதை வாங்கி வந்து வாசலில் பாத்தி போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை; எனக்குத் தெரியும். தன் கையைத் தானே சோதித்துப் பார்க்கிறார்.

தோட்டத்து ஆள் வாசலை எப்படி வைத்திருப்பான் என்பது வெளியாருக்குப் புரியாது. லயத்தைப் பார்க்கத் துரை வரும் நாளில் வாசலில் ஒரு சருகு கிடந்தால் கங்காணி வாயில் விழ வேண்டும். சருகு இருந்தால் பாம்பு வரும், கொசு வரும், அந்த வீட்டுக்காரி சோம்பேறி என்று பேர் வரும். அதனால் புல்லைச் செதுக்கி, ஈர்க்குமாற்றால் வரி வரியாகக் கூட்டி, செக்கச்செவேல் என்று மண் தெரிய வைப்போம். துரை போய்விட்டார், பழக்கம் போகவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக அவர் பாத்தியையும் சேர்த்துப் பெருக்கிவிடுவார். பின்னால் சாய்க்காமல் விட்டிருந்த பால்மரங்களின் இலை கொட்டக் கொட்ட, அள்ளிக் கொண்டுபோய்க் குளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொட்டுவார்.

விதைகள் முளைத்தன. இரண்டு இலை விட்டதும் மஞ்சள் பூத்து அப்படியே நின்றுவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக, நுனி தடித்துக் கிடந்தது. உரம் போட்டார். அந்த மண் உரத்தை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மழை அடித்தால் மேல்மண் சிவப்புச் சேறாகச் சாலைக்கு ஓடியது; வெயில் அடித்தால் மிச்சம் இறுகிச் செங்கல் மாதிரி ஆனது. பக்கத்தில் கிணறு வெட்டினார்கள், எட்டிப் பார்த்தேன். மேலே விரற்கடை அளவு கறுப்பு. அதற்குக் கீழே தண்ணீர் வரைக்கும் ஒரே சிவப்பு. அந்த விரற்கடையைத்தான் நாங்கள் தினமும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தோம்.

மகள் பிறந்தாள். நல்ல குண்டுக் குழந்தை, என் கறுப்பு. அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், பாட்டுக்கூடப் பாடுவார். தூக்க மட்டும் மாட்டார். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

"ஒரு செடி நிக்கட்டும் புள்ள. அப்பறம் தூக்குறேன்" என்றார்.

அதற்குப் பிறகு செடிகள்மேல் அவர் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. குவாரித் தூசி பட்டால் பயிர் வெந்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம். வெற்றிலைச் சுண்ணாம்பில் வாய் வெந்தவர்கள்தானே நாங்கள். வீட்டுக்குப் பின்னால் போய் நகக்கண் வரை தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பாத்திப் பக்கமே வருவார். துணியை நானும் பின்னால்தான் அலசி, வெள்ளைத் தண்ணீரை அந்தச் சருகுக் குவியலில் ஊற்றுவேன். அந்தக் குவியலில் நான் வீசிய விதையிலிருந்து ஒரு பூசணி முளைத்து, கேட்பாரில்லாமல் தகரக் கூரை மேல் ஏறிக் காய்த்துவிட்டது. பாருங்கள் என்று காட்டினேன். அது தானாக வந்தது, தன் கை படவில்லை என்றார்.

குழந்தைக்கு ஊசி போட ஈப்போவுக்கு பஸ்ஸில் போன அன்று, சாலையோரச் சீனர் காய்கறித் தோட்டத்தைப் பார்த்தேன். எங்கள் வாசல் மண்ணேதான், அதே சிவப்பு. ஒருவர் வாளியிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளிப் பாத்தி மேல் தூவிக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் கீரை விற்ற சீனத்தியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் விசாரித்தேன். இந்த மண் புளிப்பு, சுண்ணாம்புக்கல் பொடி போடாமல் எதுவும் நிற்காது என்றாள். காலங்காலமாகப் பெய்த மழை சத்தைக் கழுவிக்கொண்டு போனால் மண் புளித்துப்போகுமாம். பால்மரம் மட்டும் எப்படி நின்றது என்று கேட்டேன். அது அந்தப் புளிப்பைத் தாங்கும், தன் சருகையே தின்று வாழும் என்று சிரித்தாள்.

வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. வேண்டாம் என்று நாங்கள் பின்னால் கொட்டியதெல்லாம் முன்னால் இருந்திருக்க வேண்டியது.

சாயங்காலம் அவர் வந்து நேராகப் பின்பக்கம் நடந்தார். நான் குழந்தையோடு போய் வழியை மறித்துக்கொண்டேன்.

"அந்தப் பூசணிய யாரு வளத்தான்னு நெனைக்கிறீங்க? நீங்க கூட்டித் தள்ளுன எலையிலதான் வேர் வுட்டிருக்கு. ஒங்க ஒடம்புத் தூசிய குடிச்சுதான்லா காச்சிருக்கு."

மார்க்கெட்டில் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்தார். வெள்ளைத் தூசிக்கு நடுவே ரேகைகள் மட்டும் வேர்வையில் கறுப்பாகத் தெரிந்தன.

"கை கழுவிட்டு வாரேன்" என்றார்.

"கழுவாதீங்க" என்றேன்.

குழந்தையை அவர் நெஞ்சில் வைத்தேன். அவள் அழவில்லை, அவர்தான் அழுதார். நான் திரும்ப வாங்கியபோது அவள் கறுப்பு முதுகில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அன்றைக்கு அவளைக் குளிப்பாட்ட எனக்கு மனசு வரவில்லை.