பீரோவில் பூட்டிய காப்பீட்டு அட்டை

எங்கள் வீட்டு பீரோவில் நகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனாலும் பூட்டித்தான் வைத்திருந்தேன். உள்ளே, கல்யாணப் பட்டுச்சேலைக்கு அடியில், அரசாங்கத்தின் காப்பீட்டு அட்டை இருந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான்கு வருடம் அதைக் காவல் காத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். ஒருநாள் பந்தலுக்கு அடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். அந்த அட்டை இல்லாவிட்டால் இருக்கிற வீட்டை விற்றாலும் போதாமல் போயிருக்கும். மனிதர் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். இனிமேல் இந்த அட்டையை யாரும் தொடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். குடும்பத்துக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று அதில் ஒரு தொகை இருக்கிறது. ஒரு ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை என்று போனாலும் செல்போனில் காசு கழிவதுபோல அதில் கழிந்துவிடும், மறுபடி அவருக்கு ஒன்று என்றால் கையை விரிக்க வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக எண்ணிக்கொண்டதுதான்.

எண்ணிக்கொண்டதோடு விட்டேனா? அதுதான் இல்லை. தினமும் காலை ஐந்தரைக்கு ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள் நான். எங்கள் ஜீப்பில் பதினோரு பெண்கள். பிளஸ்டூ படித்தவள் நான் ஒருத்திதான். ரேஷன் விண்ணப்பமோ வங்கிப் படிவமோ எதுவானாலும் என்னிடம்தான் வரும். அவர்களுடைய காப்பீட்டு அட்டைக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த கையோடு, “கார்ட உள்ள வச்சுப் பூட்டுங்க. சும்மா சும்மா டெஸ்ட்டு, கிஸ்ட்டுன்னு போயி தீத்துப்புடாதீங்க” என்று உபதேசமும் செய்தேன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில் எனக்கு உடம்பு கோளாறு கொடுக்க ஆரம்பித்தது. வெள்ளைபடுதல் எங்கள் ஜீப்பில் புதிதல்ல. நாள் முழுக்க ஈரத்தில் குத்தவைத்து, ஏலச்செடியின் தூரில் கையை விட்டுக் காய் எடுக்கிறவர்கள் அதைப் பேச்சாகக்கூட எடுக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு மாதவிலக்கு முடிந்த பிறகும் இடையிடையே ரத்தம் பட்டது. சூடு என்றேன். வெந்தயம் விழுங்கினேன், இளநீர் குடித்தேன். நிற்கவில்லை. உள்ளுக்குள் பயம்தான். பீரோ சாவியைத் தொட்டுப் பார்ப்பேன், வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வரும், பேசாமல் ஜீப்பில் ஏறிவிடுவேன்.

தனியாக எனக்கென்று ஒரு காப்பீடு எடுக்கலாமா என்றும் பார்த்தேன். சின்னமனூரிலிருந்து ஓர் ஏஜெண்ட் தம்பி வந்தான். வயதைக் கேட்டு அவன் சொன்ன பிரீமியத்துக்கு இரண்டு மாதக் கூலி போய்விடும். “இதுல டெஸ்ட்டெல்லாம் சேருமா தம்பி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சேராதுக்கா. பொம்பளைக சமாச்சாரத்துக்கு மொத ரெண்டு வருசம் எதுவுமே கெடையாது. அதுக்கப்புறமும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் தருவாக.”

“நான் படுக்காம இருக்கதுக்கு வழி கேட்டா, நீ படுக்குறதுக்கு பணம் கட்டச் சொல்றியே” என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எங்கள் ஊர் சுகாதாரச் செவிலியர் சின்ன வயதுப் பெண். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்வதற்காக வீடு வீடாக அழைக்க வந்தவர், எங்கள் தெருவில் எந்நேரமும் பூட்டைத்தான் பார்த்தார். சுகாதார நிலையம் திறப்பதற்கு முன்னால் நாங்கள் மலையேறிவிடுவோம். அது மூடிய பிறகுதான் இறங்குவோம். அதனால் ஒருநாள் அவர் விடியக் காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார். பரிசோதனை இலவசம், பத்து நிமிடம்தான் என்றார்.

நான்தான் முந்திக்கொண்டு, “கார்டு நம்பர் கேப்பீகளா?” என்றேன்.

“வேணாம்க்கா.”

“இப்ப வேணாம்பீக. அப்பறம் கமுக்கமா கழிச்சிருவீக.” ஜீப் முழுக்கச் சிரித்தது. ஒருத்தியும் பெயர் கொடுக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பார். மறுநாள் எங்களில் ஒருத்தி வேலைக்கு வரவில்லை. அந்தக் காலி இடத்தில் செவிலியர் ஏறி உட்கார்ந்துகொண்டார். “செக்போஸ்ட் வரைக்கும் வாரேன், எறங்கி பஸ்ஸப் பிடிச்சுக்கிறேன்” என்றார். மூன்றாவது கொண்டையூசி வளைவிலேயே அவருக்கு வாந்தி வந்துவிட்டது. நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தார். அட்டையிலிருக்கிற தொகை ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்கிற பெரிய வைத்தியத்துக்கு. இந்தப் பரிசோதனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது எல்லோருக்கும் சும்மாவே செய்வது என்று புரியும்படி சொன்னார். அப்புறம் கேட்டார்: “டெஸ்ட் எடுத்தா கார்டு தீந்துரும்னு யாரு சொன்னது?”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க சொன்னாத்தான் இவுக கேக்குறாக. அப்ப நீங்களே மொத ஆளா வாங்க” என்றார்.

வருவதென்றால் எப்போது? ஜீப்பில் ஒருநாள் இடத்தை விட்டால் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். அதற்கும் அவரே வழி சொன்னார். கேரளத்தில் ஹர்த்தால் என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் எங்கள் ஜீப் எதுவும் எல்லையைத் தாண்டாது. “அங்கன அர்த்தால்னா இங்கன டெஸ்ட்டு. டாக்டரம்மாட்ட நான் பேசிக்கிறேன்.” சொன்னபடி செய்தார். அடுத்த ஹர்த்தாலுக்கு எங்கள் ஜீப் டிரைவர் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மலைக்குப் போகிற மாதிரியே அவரவர் இடத்தில் உட்கார்ந்து பதினோரு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

திரைக்குப் பின்னால் மேசையில் காலை மடக்கிப் படுத்தபோது கூச்சத்தில் செத்துவிடுவேன் போலிருந்தது. செவிலியர் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா பஞ்சில் மருந்தைத் தொட்டு வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்தார். மற்ற பத்துப் பேரையும் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். என்னை மட்டும் உட்காரச் சொன்னார்கள். உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறதாம், தேனி பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

தேனிக்குச் செவிலியரே கூட வந்தார். சதை எடுத்தார்கள். முடிவு வர நாளானது. அந்த நாட்களில் நான் பயந்ததைப்போல என் வாழ்நாளில் பயந்ததில்லை. வீட்டுக்காரரிடம், “சும்மா ஒரு டெஸ்ட்டு” என்று மட்டும் சொல்லியிருந்தேன். முடிவு வாங்கப் போகிற அன்றைக்கும், “நீங்க தோட்டத்துக்குப் போங்க, கொடி வெட்டுற கவாத்து வேலை கெடக்கு” என்று அனுப்பிவிட்டேன். பல் துலக்குகிறபோது சாவியைக் கழற்றி அடுப்படியில் வைத்தவள், எடுக்க மறந்து செவிலியரோடு பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் சில வருடத்தில் அதுவாக மாறக்கூடியது. இன்றைக்கே அதை எடுத்துவிடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. செவிலியரைக் கட்டிக்கொண்டேன். மலையில் வாந்தி எடுத்துக்கொண்டே எனக்காகப் பேசிய பெண். மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

சீட்டுப் போட வெளியே வந்தால், கவுண்டருக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நிற்கிறார். கவாத்துக் கத்தி இடுப்பிலேயே இருக்கிறது. கையில் பிளாஸ்டிக் உறையோடு அந்த அட்டை. அடுப்படியில் கிடந்த சாவியைப் பார்த்து, பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார். உள்ளே இருக்கிற அம்மாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

“இதுல இருக்கது அம்புட்டையும் எடுத்துக்கங்கம்மா. முழுசாத் தீந்தாலும் சரி. அவளுக்குப் பாத்துவிட்டாப் போதும்.”

“இதுக்கு கார்டே வேணாம்ங்கய்யா” என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, அவர் ஜன்னலுக்குள் அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் கம்பம் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார். வீரபாண்டி தாண்டியதும் கேட்டேன்: “ஒங்க நெஞ்சுக்குன்னு நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தத, ஒரு நிமிசத்துல தூக்கிட்டு வந்துட்டீகளே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கா வச்சிருந்த? ஒனக்குன்னுல்ல நெனச்சேன். அதான் செக்கப்புக்கு வரச் சொல்லியும் ரெண்டு வருசமா நான் போகல. ஒனக்கு ஒண்ணுன்னா அதுல காசு இருக்கணும்ல.”

சின்னமனூர் வந்தது, உத்தமபாளையம் வந்தது. அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் ஜீப்பில் என் இடம் போனால் போகட்டும் என்று, அவரை நெஞ்சுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் தேனிக்குப் போனேன்.