ஆரோக்கியதாஸின் ஆறு மணி ஜெபம்

செம்மநத்தத்தில் ஆரோக்கியதாஸைப் போல ஜெபம் பண்ணுகிற ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வது தப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் முழங்காலில் நிற்பதில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கெட்டுப்போன டிவி போர்டுகளிலிருந்து ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டிருப்பார்.

இருபத்தொன்பது வருஷம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். வேலையிலிருந்து நின்றதும், மகள் அபிஷா வாங்கிக் கொடுத்த செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இதில் விழுந்தார். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் மலையில் இடி சும்மா இருக்காது. ஒரு இடிக்கு நாலு டிவியாவது போகும். ஜனங்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் அவர் பொறுக்கிக்கொண்டு வருவார்.

போர்டின் முதுகில் ஒவ்வொரு சாமானின் காலையும் ஒரு பொட்டு ஈயம் பிடித்துக்கொண்டிருக்கும். பின்னல் போட்ட செம்புக் கம்பியை அதன் மேல் வைத்து, சூடான சால்டரிங் அயனால் அழுத்தினால் ஈயம் உருகிக் கம்பியில் ஏறிவிடும். சாமான் சேதாரமில்லாமல் கையோடு வரும். செம்புப் பின்னலுக்குப் பழைய கேபிள் ஒயரை உரித்துக்கொண்டார். ஆனால் கம்பியில் பிசின் தடவினால்தான் ஈயம் ஏறும். அதை வாங்கச் சேலம் போக வேண்டும். அதுவரை பொறுக்க முடியாத மனிதர், மனைவி தேவகுமாரி மாதா படத்துக்குப் போடச் சந்தையில் வாங்கி வைத்திருந்த சாம்பிராணியில் ஒரு கட்டியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஈயம் சமர்த்தாக ஏறியது. அடுத்த தடவை மாதா கோயிலிலிருந்து அசல் சாம்பிராணி கொண்டுவந்து தேய்த்தார். அது கருகியதோடு சரி. சந்தைச் சரக்கில் எவனோ மரப்பிசினைக் கலந்திருந்ததால்தான் வேலை நடந்தது. கலப்படம் பண்ணியவனை வாழ்த்திய ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்.

தினமும் ஆறு மணிக்கு அந்த வீட்டிலிருந்து சாம்பிராணி வாசம். ஜன்னலில் பார்த்தால் தலையைக் குனிந்த மனிதர். எங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனோம். மிளகு காய்க்கவில்லை என்று போனோம். அவர் அயனைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்.

“நான் போர்டு வேலை பார்த்துட்டு இருக்கறனுங்க” என்று சொல்லியும் பார்ப்பார்.

“உங்க அடக்கம் யாருக்கு வருமுங்க” என்போம்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. யாராவது ஒருத்தர் கெட்டுப்போன சாமானை அவர் கையில் கொடுத்து, இதைச் சரிபண்ணித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். ஊர் டிவிகளெல்லாம் அவர் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஏறிச் சேலம் போயின. அதில் அவர் மனசு நொந்தது. பார்த்தவர்கள் அந்த வாடிய முகத்தையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

போன மே மாதம், கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இடி விழுந்து கோயில் மைக்செட்டின் ஆம்ப்ளிபயர் போய்விட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு விழாக் கமிட்டி ஏசுராஜ் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். ஆரோக்கியதாஸ் மேசையிலிருந்த போர்டுகளை ஒதுக்கித் தள்ளினார்.

“வைங்க, வைங்க. இப்பிடி மேசை மேல வைங்க” என்றார்.

“ஒம்போது மணி பஸ்ஸுல சேலம் கொண்டுபோறனுங்கண்ணா. அங்க நல்லபடியா ரிப்பேர் ஆகோணும்னு நீங்க ஒரு ஜெபம் பண்ணிக் குடுத்தாப் போதுமுங்க.”

ஆரோக்கியதாஸ் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். வேறென்ன செய்வார்?

“ஊட்டுக்குப் போயி குளிச்சுட்டு வந்தர்றனுங்க. அதுவரைக்கும் பொட்டி இங்கயே இருக்கட்டும்” என்று ஏசுராஜ் கிளம்பினார். அவர் தலை வளைவில் மறைந்ததும் ஸ்குரூ டிரைவர் கைக்கு வந்தது.

“ஏனுங்க, கோயில் சாமானுங்க” என்றாள் தேவகுமாரி.

“தெரியும் போ.”

உள்ளே ஒரு கெபாசிட்டர் தலை ஊதிப்போய் நின்றது. பின்னலை வைத்து ஈயத்தை எடுத்து அதைக் கழற்றினார். பழைய இன்வெர்ட்டர் போர்டிலிருந்து என்றோ கழற்றி வைத்திருந்ததில் அதே அளவு ஒன்று கிடைத்தது. எட்டரைக்கு ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

திரும்பி வந்த ஏசுராஜிடம், “பஸ்ஸுக்குப் போக வேண்டாமுங்க. கெபாசிட்டர் மாத்திட்டேன், பாருங்க” என்று ஊதிப்போனதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஏசுராஜ் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. எரிகிற விளக்கையே பார்த்தார். பார்த்தபடியே முழங்காலில் விழுந்தார்.

திருவிழாவன்று அதே மைக்கில் சாட்சி சொன்னார்கள். ஒரே ஜெபத்தில் உயிர் பெற்ற பெட்டி என்றார்கள். பொறுக்க முடியாமல் ஆரோக்கியதாஸ் எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

“ஜெபமில்லீங்க, கெபாசிட்டருங்க. நானே கழட்டி நானே மாத்தினேன்” என்றார். காப்பித் தோட்டம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் ஆமென் என்றார்கள். உள்ளதைச் சொல்வதற்கென்ன, நானும்தான் சொன்னேன்.

நாலாம் நாள் வெள்ளக்கடை ஊரிலிருந்து ராசம்மாள் வந்தார். காப்பித் தோட்டக்காரம்மா, கோயில் பக்கமே வராதவர். பையிலிருந்து ஒரு கரண்ட் அடுப்பை எடுத்து வைத்து, “எரியவே மாட்டேங்குதுங்க” என்றார். ஆரோக்கியதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

“அய்யோ, தெறக்கவெல்லாம் வேண்டாமுங்க. கைய மட்டும் வைங்க, போதும்.”

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த அம்மாவைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“இதை ஒரு நாள் ஜெபத்துல வெக்கோணுமுங்க. நாளைக்கு வாங்க” என்றார்.

ராசம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார்.

“ஏனுங்க, இப்பிடிப் பொய் சொல்லலாமுங்களா?” என்று கேட்டாள் தேவகுமாரி.

“நெசத்தை மைக்குலயே சொன்னனே. யாரு நம்புனாங்க?” என்றபடி அவர் முதல் திருகைக் கழற்றினார்.