முதலில் ரத்தம் கண்ட மாதம்

நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் எதையும் பேசலாம். ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டே என்னோடு வேலை பார்க்கும் மரைக்கா, தன் மாமனாருக்குச் சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று விவரிப்பாள். மற்றவர்கள் சாப்பிட்டபடி கேட்பார்கள், யோசனையும் சொல்வார்கள். ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்த நேரத்தில் என் பார்வை தட்டுக்குத் தாழ்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், என் வேலையே அதுதான். சிறுநீர்ப்பையிலிருந்து சுரண்டி எடுத்த கட்டியின் சதை, மெழுகில் பதிந்து எங்களிடம் வரும். அதை மயிரிழையிலும் மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவேன். வேகமாகப் பெருகும் செல்களின் கரு பழுப்பாக மாறும். இப்படிப்பட்ட திசுக்குறிகளைப் பார்த்து, இந்த நோய் அடங்கிக் கிடக்குமா, திரும்பி வந்து பரவுமா என்று மருத்துவர்கள் ஓரளவு கணிப்பார்கள்.

அக்காவின் கணவரை நாங்கள் பாவா என்போம். திருத்தணியில் வீடு. இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிப்பட்டுக்குப் பஸ்ஸில் போய் நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். எனக்கு அவர் நேராகப் போன் செய்ததே இல்லை. பேச வேண்டியதை அக்கா பேசுவாள், பின்னாலிருந்து அவர் இருமுவது மட்டும் கேட்கும். அப்படிப்பட்டவர் ஒரு மார்ச் மாதக் காலையில் என்னை அழைத்தார். ஆய்வக நடைபாதையில் நின்று எடுத்தேன்.

“ஒண்ணுமில்ல மா. ஒண்ணுக்குப் போறப்ப செவப்பா வருது. வலியெல்லாம் இல்ல. சாயந்தான் உள்ள போயிடுச்சோ இன்னாவோ. நீ இந்த வேலதான பண்ணிகினு இருக்க, அதான் கேட்டேன்.”

என் முகம் சூடானது. வலியில்லாமல் ரத்தம் போவது எதற்கு அறிகுறியாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? சாயப்பட்டறையில் காலம் கழித்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது நான் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தக் கணத்தில் நான் படித்தவளாக இல்லை. அக்கா புருஷன் இதைப் பற்றிப் பேசுகிறாரே என்று கூசிப்போன மைத்துனியாக மட்டும் நின்றேன். “வெயிலுக்கு சூடா இருக்கும் பாவா. தண்ணி நெறைய குடிங்க. அக்காகிட்ட சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் அக்காவிடம் சொல்லவில்லை. அதன்பின் நானும் கேட்கவில்லை.

அக்டோபரில் குளியலறைத் தரையில் அக்காவே ரத்தத்தைப் பார்த்தாள். அவரைச் சென்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். கட்டி தசைக்குள் இறங்கிவிட்டது, சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஆய்வகத் தலைமை மருத்துவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பாவாவின் சதை பதிந்த மெழுகுத் துண்டை வரவழைத்தேன். கூடவே நிரப்ப ஒரு படிவம் கொடுத்தார். முதன்முதலில் ரத்தம் கண்டது எப்போது என்று அதில் ஒரு கேள்வி. அக்டோபர் என்று எழுதினேன்.

பாவாவின் சதைக்கு நானே சாயமேற்றினேன். தகடு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மருத்துவர் என்னை அருகில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: “வேகமாக வளரும் ரகம். ஆனால் இது பலரைப் பார்த்துச் சொல்லும் கணிப்பு. உன் உறவினருக்கு இப்படித்தான் நடக்கும் என்று அர்த்தமில்லை.” மார்ச்சிலேயே பார்த்திருந்தால், என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். திசுக்குறிகள் இனி வரப்போவதைப் பற்றித்தான் பேசும். வீணாய்ப்போன ஏழு மாதங்கள் எந்தச் சாயத்திலும் தெரியாது. அதற்கு நான் மட்டுமே சாட்சி என்று நினைத்தேன். மரைக்காவிடம் மட்டும், எங்கள் ஊரில் அக்கா புருஷன் மைத்துனியிடம் இதையெல்லாம் பேச முடியாது என்றேன். “உங்களுக்குள் சண்டையா?” என்று கேட்டாள். “இல்லை, மரியாதை” என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஜனவரியில் ஊருக்குப் போனேன். அறுவை முடிந்து, வயிற்றில் ஒட்டிய, சிறுநீர் சேரும் பையோடு பாவா கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய கோப்பைப் புரட்டினேன். முதலில் ரத்தம் கண்டது அக்டோபர் என்றே சென்னை மருத்துவரும் எழுதியிருந்தார்.

“பாவா, மார்ச்சுலயே எங்கிட்ட சொன்னீங்களே. டாக்டர்கிட்ட ஏன் மாத்தி சொன்னீங்க?”

“உங்க அக்கா பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தா மா. மார்ச்சுன்னா யார்கிட்ட சொன்னன்னு தோண்டுவா. அப்பால உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லாம பூடும்.”

“எனக்கு வெக்கமா இருந்துச்சு பாவா. அதான் போன வெச்சிட்டேன்.”

“எனக்கு மட்டும் இல்லியா? நீ தூரமா கீற, மூஞ்சி பாக்க வேணாமேன்னுதான் உங்கிட்ட கேட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

“ஏழு மாசமாடி?” என்றாள். “அவருக்கு எங்கிட்ட சொல்ல வாய் வரல. நீ படிச்சவ. உனக்குமா வரல?” என்றாள். மறுபடி கீரையை எடுத்தாள். நான் கிளம்பிய நாளில் ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. சென்னை மின்ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்க மனம் வரவில்லை.

நெதர்லாந்து திரும்பியதும் ஆய்வகத் தலைமை மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். தேதியைத் திருத்தி எழுதி, நன்றி என்றார். அவ்வளவுதான். அந்த ஊரில் அது வெறும் தகவல். வாராவாரம் போனில் பாவாவே பேசினார். பை மாற்றப் பழகிவிட்டதையும், அடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்ததையும் அவரே கூச்சத்தோடு சொன்னார். இந்தத் தடவை நான் ஒவ்வொன்றையும் கேட்டேன், நிறம் உட்பட. அக்கா போனைத் தொடவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று ஆய்வக வாசலில், வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன்; போனை அக்கா பிடித்திருந்தாள். மலைப்படிகளில் காவடிகள், மஞ்சள் துணிகள், கூட்டத்தின் இரைச்சல். ஓரத்தில் பாவா, சட்டைக்கு மேல் வயிற்றை ஒரு கையால் அணைத்தபடி.

“தெரியுதா?” என்றாள் அக்கா.

“ஆங், தெரியுதுக்கா.”

அவள் முகத்தைக் காட்டவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. திரை முழுக்கத் திருத்தணி. அதன் மூலையில், கட்டைவிரல் நகமளவு சதுரத்துக்குள், வெள்ளைக் கோட்டில் நான்.