கூடப் போன படகுகள்

எங்கள் சபைக்குப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். எளாவூரிலிருந்து ஏரிக்கரை வரை சிதறிக் கிடக்கும் சிறுசிறு சபைகள் எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பர்களாகிய நாங்கள் முறை வைத்துப் பிரசங்கம் செய்கிறோம். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை விடுவது என்று முறை வைத்துக்கொள்வதை இங்கே பாடு என்பார்கள். பிரசங்க முறைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. “இந்த வாரம் யார் பாடு?” என்றுதான் எங்கள் ஊர் தோணிரேவில் கேட்பார்கள்.

என் பாடு என்றால் பிரசங்கம் நீளும் என்பது ஊரறிந்த செய்தி. அதை ஊரறியச் செய்தவள் என் மனைவியின் தங்கை. கோட்டைக்குப்பத்தில் கடல் தொழில் செய்யும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆராதனை முடிந்து பாதை பிரியும் இடம்வரை எங்களோடு நடந்து வருவாள். அந்த நடையில் என் பிரசங்கத்தை நண்டு உடைப்பதுபோல் உடைத்துவிடுவாள்.

“மாமா, உங்க பாடுன்னா காலையிலேயே கொழம்ப வச்சிட்டுத்தான் வரணும். வந்து வைக்கலாம்னு இருந்தா புள்ளைங்க பட்டினி.”

“அவர் சொன்ன பாட்டு நல்லாத்தானடி இருந்தது?” என்பாள் என் மனைவி.

“நல்லாத்தான் இருந்துச்சி. யாருக்குப் புரிஞ்சிச்சி? மாமாவுக்கும் சாமிக்கும் புரிஞ்சிருக்கும்.”

நான் இளமையிலேயே பழைய பக்திப் பாடல்களில் ஊறியவன். பாடியவர் எந்தச் சமயத்தவர் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை; உருகிப் பாடினாரா என்பது ஒன்றே கேள்வி. ஆகையால் என் பிரசங்கங்களில் செய்யுட்கள் தாமாகவே வந்து அமர்ந்துகொள்ளும். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதை எனக்குத் தெரிவித்தது என் மேசையிலிருக்கும் விளக்கவுரைகள் அல்ல, மைத்துனியின் வாய்தான். என் அடுத்த பாடு வருமுன் குறிப்பு எடுக்கும்போதே, “இதுக்கு அவள் என்ன சொல்லுவாள்?” என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுவேன்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அவள் கணவனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மண் மேடிட்ட அந்த வாயில் காற்றுக்காலத்து அலை எப்போது மடியும் என்று ஒருவராலும் சொல்ல இயலாது. முன்னே வந்த படகுகளும் பின்னே வந்த படகுகளும் கரை சேர்ந்தன. அவன் சேரவில்லை. அடுத்த ஞாயிறு, கரை சேர்ந்தவர்கள் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் தங்கள் படகைக் காத்தார் என்று சாட்சி சொன்னார்கள். அவள் பெண்கள் பாயில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகும் அவள் ஆராதனைக்கு வந்தாள். வீட்டுக்கு வந்தால் கேலியும் பேசினாள். ஆனால் பிரசங்கத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பாட்டு முடியும்வரை இருப்பாள். பிரசங்கம் தொடங்கும்போது எழுந்து வெளியே போய்விடுவாள். பாதை பிரியும் இடம்வரை நாங்கள் மூவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தோம்.

காற்றுக்காலம் தொடங்கும்போது, கடலில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கும் ஞாயிறு ஒன்று எங்கள் சபையில் உண்டு. அன்று வாசிக்கும் பாகம் ஆண்டாண்டாக மாறாதது: இயேசு படகில் நித்திரையாயிருக்கையில் புயல் எழுந்ததும், சீடர்கள் அவரை எழுப்பியதும், அவர் காற்றை அதட்டி அடக்கியதும். இவ்வாண்டு அந்த ஞாயிறு என் பாடாக வந்தது. அவள் கணவன் போன பிறகு வரும் முதல் காற்றுக்காலம். அந்தப் பாகத்தை நான் பேசும்போது அவள் வெளியே நிற்பாளானால், பிறகு ஒருநாளும் உள்ளே வந்து அமர மாட்டாள் என்று என் மனைவி அஞ்சினாள். நானும் அஞ்சினேன்.

திங்களன்றே போதகரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குறிப்புகள் வந்தன. அன்பானவர், தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் ஒரு குரல் செய்தியும் சேர்த்து அனுப்புவார். “ஐயா, மூணு பாயிண்ட் இருக்குது. படகு நம்ம வாழ்க்கை, புயல் நம்ம கஷ்டம், ஆண்டவர் உள்ளே இருந்தா மூழ்காது. மீதி நீங்க பாத்துக்கோங்க.” யூடியூபில் கேட்ட பிரசங்கங்களும் ஏறக்குறைய அதையே சொல்லின. வேறு ஊரில் அது நல்ல பிரசங்கமாகவே இருக்கலாம். எங்கள் ஊரில் படகு என்றால் படகுதான். ஆண்டவர் உள்ளே இருந்தால் மூழ்காது என்று நான் சொன்னால், மூழ்கிய படகில் அவர் இல்லை என்று அவளுக்குச் சொன்னவனாவேன்.

என் சொந்த யோசனை ஒன்றும் இருந்தது. இறைவனைத் துயிலெழுப்பிப் பாடுவது நம் பழைய பக்தி மரபு. விடிந்தது, பறவைகள் ஆர்த்தன, அடியார் வாயிலில் நிற்கிறார், எழுந்தருள்வாய் என்று இரந்து பாடுவார்கள். புயலில் சீடர்கள் போட்ட கூச்சலும் அத்தகைய பாடல்தான். பண்ணில்லாத, நனைந்த, நடுங்கும் பாடல். இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மனைவிக்கும் பிடித்திருந்தது. “அழகா இருக்கு” என்றாள். சற்றுப் பொறுத்து, “அவளுக்கு அழகு வேணாங்க” என்றாள்.

வியாழன் காலையில் வேதத்தை எடுத்து, செய்யுளுக்குப் பதவுரை சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். ஒரு சொல்லையும் தாண்டக் கூடாது என்பது பதவுரையின் ஒழுக்கம். பொழிப்புரை சொல்பவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். பதவுரை சொல்பவனுக்கு அந்த உரிமை இல்லை. அப்படிப் படிக்கையில், எத்தனையோ முறை கேட்டும் காதில் தங்காத ஒரு செய்தியில் விரல் நின்றது. அவருடைய படகோடுகூட வேறு படகுகளும் போயின என்று அங்கே இருக்கிறது.

அவ்வளவுதான். அந்தப் படகுகள் என்னவாயின என்று பிறகு ஒரு சொல்லும் இல்லை. சீடர்களின் படகில் எழுப்புவதற்கு ஒருவர் இருந்தார். கூடப் போன படகுகளில் இருந்தவர்கள் யாரை எழுப்பியிருப்பார்கள்? துயிலெழுப்பும் பாடலை எந்த வாயிலில் நின்று பாடியிருப்பார்கள்? நான் வேதத்தை மூடிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

கோட்டைக்குப்பத்தில் அவள் வாசலில் அமர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலைகளுக்காக ஒரு பூனை காத்திருந்தது.

“இன்னா மாமா, இந்த வெயில்ல? அக்கா தொரத்திட்டாளா?”

“ஞாயித்துக்கிழமை என் பாடு.”

“தெரியும். பாகமும் தெரியும். எனக்கு அன்னிக்கு வேல கீது.”

“ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அவர் படகு கூட வேற படகுங்களும் போச்சுன்னு வேதத்துல இருக்கு. அதப் பத்தி யாரும் பேசினதில்ல. நான் பேசட்டுமா?”

அவள் கை நின்றது. “கூடப் போச்சா?”

“போச்சு.”

“அதுங்க கரைக்கு வந்துச்சா?”

“எழுதல.”

பூனை அருகே வந்தது. அவள் ஒரு தலையைக் கிள்ளி எறிந்தாள்.

“அன்னிக்கு சாட்சி சொன்னாங்களே, அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் மாமா. எம் படகு வந்திருந்தா நானுந்தான் எழுந்து நின்னு சொல்லியிருப்பேன்.” இறால் சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எழுதலன்னா எழுதலன்னே சொல்லுங்க. எல்லாம் வந்துச்சுன்னு நீங்களா சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன். நீ இருப்பியா?”

“பாக்கலாம். பாட்டு எத்தினி வச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் வைக்கல.”

“அதிசயந்தான்,” என்றாள்.

ஞாயிறன்று பாகத்தை வாசித்து முடித்தபோது நான் பெண்கள் பாயின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு தடுமாறும் என்று தெரியும். துயிலெழுப்பும் பாடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கூடப் போன படகுகளைப் பற்றி மட்டும் பேசினேன். ஏரியில் காற்று அடங்கினால் ஒரு படகுக்கு மட்டும் அடங்குவதில்லை. ஆகவே அந்த அமைதி அவர்களையும் தொட்டிருக்கும் என்றேன். ஆனால் அது வரும்வரை எல்லாப் படகுகளும் மிதந்தனவா என்று எழுதப்படவில்லை. எழுதாததை நான் சொல்ல மாட்டேன். கரையில் ஒரு படகுக்காக யாரேனும் நின்றிருந்தால், அவர்கள் பக்கத்தில் நாம் நின்றுவிட்டுத்தான் நம் படகுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். சபையில் சிலர் நான் மூச்சு வாங்குவதாக எண்ணிக் காத்திருந்தார்கள்.

அன்று சாட்சி சொல்லும் நேரத்தில் யாரும் உடனே எழவில்லை. சென்ற ஆண்டு முதலில் எழுந்தவர், படகுக்காரர், மெல்ல எழுந்து நின்று, திரும்பி வராதவனின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். ஜெபம் முடிந்து கண் திறந்தபோதுதான் பெண்கள் பாயைப் பார்த்தேன். அவள் தன் இடத்தில் முக்காட்டோடு அமர்ந்திருந்தாள்.

திரும்பும் வழியில் என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதை பிரியும் இடம் வந்தது. அவள் நின்றாள்.

“மாமா, உங்க பாடாச்சேன்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து கொழம்பு வச்சிட்டு வந்தேன். இப்பிடி வெரசா முடிப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, வந்து சூடா வச்சிருப்பேன்ல?”

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பாடு அடுத்து வரும்போது இன்னும் கொஞ்சம் நீட்டிப் பேசுவதாக நான் வாக்குக் கொடுத்தேன்.