ஆள்5க்குக் காய்ச்சல்

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எத்தாளையில், எங்கள் வீட்டில் ராத்தாவின், என் அக்காவின், கலியாணம். நான் பத்தாம் வகுப்பு. பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியை மூன்று வாரம் படித்திருந்தேன், ஆகவே உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆண்கள் பந்திக்குத் தொண்ணூற்றாறு பேர். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர், ஒரே தட்டில் சாப்பாடு. யார் யாரோடு உட்காருவது என்பதை என் புரோகிராம் போட்டுத் தரும் என்று சவடால் விட்டேன்.

வாப்பா ஒன்றுதான் கேட்டார். "பெரியாப்பாவையும் மாமாவையும் ஒரு சஹன்ல போட்டுராத மக. மாமா கோவிச்சு எழும்பினா உம்மாட ஆக்கள் முழுப்பேரும் எழும்புவாங்க. கலியாணம் அதோட சரி."

பிரச்சினை ஒரு தென்னை. மரம் பெரியாப்பாவின் வளவில்; தேங்காய் விழுவது மாமாவின் கூரையில். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பள்ளிவாசல் பெரியவர்கள் பேசியும் இருவரும் அசையவில்லை.

ஆள்1, ஆள்2 என்று ஆள்96 வரை, ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர், தனிவரி. இரண்டு நாள் தட்டினேன். மாமா ஆள்3, முதலாம் சஹன். பெரியாப்பா ஆள்96, கடைசிச் சஹன். இடையில் ஒரு லொறியே திருப்பலாம்.

கலியாணத்தன்று காலை மாம்புரியிலிருந்து போன் கோல். ஆள்5க்குக் காய்ச்சல், வரமாட்டாராம். இனி ஆறை ஐந்தாக்கி, ஏழை ஆறாக்கி, தொண்ணூற்றொரு வரியைக் கையால் மாற்ற வேண்டும். கையிலோ காயாத மருதோண்டி. ஒற்றை விரலால், கடைசி ஆளைத் தூக்கி ஐந்தில் போட்டேன். முடிந்தது வேலை! நான் நம்பரைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

என் அண்ணன், நானா, மைக்கில் முதலாம் சஹனின் பெயர்களை வாசித்தார். ஐந்தாவது பெயர் வாயை விட்டு வந்த பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

குசினி ஜன்னலில் நின்ற உம்மா என் காதைத் திருகினார். "என்னடி செஞ்ச?"

"நான் இல்ல உம்மா, கம்ப்யூட்டர்!"

ஜன்னலுக்கு நேர் கீழேதான் முதலாம் சஹன். மாமாவும் பெரியாப்பாவும் நின்றார்கள். உட்கார்ந்தார்கள். மூத்தவர்தான் இறைச்சியைப் பிய்த்து மற்றவர்கள் பக்கம் தள்ளுவது வழக்கம். பெரியாப்பா நாலு பேருக்குத் தள்ளினார். பிறகு, முகம் பார்க்காமலே, கோழிக்காலை மாமாவின் பக்கம் தள்ளினார்.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட மரம் இந்த மாசம் அஞ்சு ஓடு ஒடைச்சிருக்கு."

"அஞ்சா? நாலு."

"வந்து எண்ணிப் பாருங்களன்."

"நாளைக்கு வாரன். கோழிக்கால வீணாக்காம தின்னு."

அடுத்த தவணை கம்ப்யூட்டர் சேர் அரே என்றும் லூப் என்றும் இரண்டு படிப்பித்தார். தொண்ணூற்றாறு பேருக்கும் ஒரே பெயர் போதுமாம். வரிசையை லூப் பார்த்துக்கொள்ளுமாம். ஒருவர் விலகினால் மிச்சப் பேரை அதுவே நகர்த்துமாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே எல்லாவற்றையும் அழித்து எழுதி வாப்பாவிடம் ஓடினேன். "இனிப் பிழையே வராது வாப்பா!"

"நல்லவேள, இத நீ முந்தியே படிக்கல்ல," என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பந்தி முடியும்வரை கடைசிச் சஹனில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது. எழும்பிப் போய் அங்கே உட்கார அந்த இரண்டு பேரில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவே இல்லை.